கல்ஃபானின் இருக்கையில் ஹுமைத்

கல்ஃபானுக்கு வலது தொடை எலும்பு முறிந்தது மணல்மேட்டில் அல்ல. நிறுத்தி வைத்திருந்த தண்ணீர் லாரியில் தொட்டி மூடியைத் திறக்க ஏணியில் ஏறினான், செருப்பு வழுக்கியது, சிமெண்டுத் தரையில் விழுந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "எந்த மேட்டுல கவுந்த?" என்றுதான் கேட்டார்கள். எங்கள் பாலைவன ஊரான பிதியாவில் கல்ஃபானைப் பார்த்து வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. ஒவ்வொரு முறையும் அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். மனைவி ரய்யாதான் பதில் சொல்வாள்.

"மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. ஏணிலேர்ந்து விழுந்தாரு."

நான் அந்த வீட்டுக்குக் காலையும் மாலையும் போய்வந்தேன். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி, தையலுக்குக் கட்டு, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, காலுக்குப் பயிற்சி. இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் நர்ஸாக இதுதான் என் வேலை. படுத்த ஆம்பிளைகள் எப்படி இருப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. சிலர் அழுவார்கள், சிலர் கத்துவார்கள். கல்ஃபான் கத்துகிற ரகம். அது நல்லது, நுரையீரல் சுத்தமாக இருக்கும்.

அவனுக்கு வயது நாற்பத்து மூன்று. வாரத்தில் ஐந்து நாள் மணலுக்குள் இருக்கிற கூடாரங்களுக்கும் ஒட்டகப் பட்டிகளுக்கும் தண்ணீர் கொண்டுபோவான். குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அவன் வேறு ஆள். ஊர் எல்லையில் இருக்கும் பெரிய மணல்மேட்டில் வண்டி ஏற்றும் போட்டி நடக்கும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வண்டி. ஒவ்வொருவராக அடியிலிருந்து நேராக மேலே விடவேண்டும். உச்சியைத் தாண்டினால் வெற்றி, இல்லையென்றால் இல்லை. மூன்று வாய்ப்பு. பாதியில் நின்றுவிட்டால் ஸ்டியரிங்கை அசைக்காமல், ஏறி வந்த தடத்திலேயே பின்னால் இறங்க வேண்டும். திருப்பினால் வண்டி பக்கவாட்டில் உருளும். எட்டு வருடம் முன்பு அப்படி உருண்ட ஒருவனுக்கு நான்தான் கழுத்துப் பட்டை மாட்டிவிட்டேன். இப்போதும் அவனால் பின்பக்கம் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க முடியாது.

பதினான்கு வருடமாக அந்தத் தெருவின் வண்டி கல்ஃபானின் பழைய வெள்ளை ஜீப்தான். ஓட்டுகிறவனும் அவன்தான். கடைசி இரண்டு வருடம் உச்சியைத் தாண்டவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் பேசுவதில்லை.

ரய்யாவின் அண்ணன் ஹுமைத் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். கல்ஃபானைவிட நான்கு வயது மூத்தவன், குள்ளம், தொப்பை, எதற்கும் அவசரப்படமாட்டான். அவன் மணலில் இறங்கினால் சிக்குவான் என்பது ஊருக்கே தெரியும். இதுவரை பதினொரு தடவை கல்ஃபான் கயிறு கட்டி இழுத்திருக்கிறான். அந்தப் பதினொன்றையும் இடம், நாள், நேரத்தோடு சொல்லுவான். காவாக் காப்பி குடிக்க யார் வந்தாலும் ஒன்றிரண்டு கதை கிடைக்கும். ஹுமைத்தும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சிரித்துக்கொண்டே பேரீச்சம்பழத் தட்டைக் காலி செய்வான்.

மச்சான் படுத்துக் கிடக்கிறானே என்று இந்த ஹுமைத்தான் தன் வீட்டிலிருந்து வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிவந்தான். கார் பந்தயம். கட்டிலுக்கு எதிரே டிவியை நகர்த்தி, வயர்களை மாட்டி, கல்ஃபானின் கையில் ஒரு ரிமோட்டைக் கொடுத்து, தான் ஒன்றை வைத்துக்கொண்டு, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு மணி நேரம். தினமும்.

முதல் நாளே கல்ஃபான் தோற்றான். மறுநாளும் தோற்றான். வாரம் முழுக்கத் தோற்றான்.

"இதென்ன வண்டி? பாறைல நூத்தி நாப்பதுல மோதுது, மறுபடி ஓடுது! ரேடியேட்டர் எங்க? தண்ணி ஒழுக வேண்டாமா?"

"ஒழுகினா துடைக்கிறது யாரு? உன் பொண்டாட்டியா?" என்பான் ஹுமைத், திரையிலிருந்து கண் எடுக்காமல்.

"தார் ரோட்டுலயும் அதே சத்தம், மணல்லயும் அதே சத்தம். மணல்ல இன்ஜின் மூச்சு வாங்கும்டா. இது சும்மா தேனீ மாதிரி ரீங்காரம் போடுது."

"மாப்ள, நீ மூணாவதா போறே. தேனீ முன்னால போயிருச்சு."

"டயர்ல காத்து இறக்க எடமே இல்ல! முப்பது வச்சுக்கிட்டு எவன்டா மணல்ல இறங்குவான்? இத செஞ்சவன் மணலையே பார்த்ததில்ல."

"பார்க்காம இருந்தா என்ன? செஞ்சுட்டான்ல."

எனக்கு அந்தப் பெட்டியால் ஒரு லாபம் இருந்தது. அவன் கத்திக்கொண்டிருக்கும்போது காலைத் தூக்கி மடக்கினால் வலி தெரியாது. அதனால் பயிற்சி நேரத்தை அஸருக்குப் பிறகு மாற்றிக்கொண்டேன். ஒரு பந்தயத்துக்குப் பத்து மடக்கு.

எல்லாவற்றையும்விட அவனுக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றியது ஒரு பொத்தான். வண்டி பள்ளத்தில் விழுந்தாலோ கவிழ்ந்தாலோ அந்தப் பொத்தானை அமுக்கினால் போதும், நிமிர்ந்து ரோட்டில் வந்து நின்றுவிடும். கல்ஃபான் அதைத் தொடமாட்டான். கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான் என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவான்.

"அமுக்குடா" என்பான் ஹுமைத்.

"மாட்டேன். நான் செத்துட்டேன். நீ ஓட்டு."

"இந்தப் பொத்தான் அன்னைக்கு உன் லாரி ஏணில இருந்திருக்கணும், மாப்ள."

ரய்யா அடுக்களையிலிருந்து சிரிப்பது கேட்டது. கல்ஃபானுக்கு அந்தச் சிரிப்புதான் சுட்டது. பதினொரு கதைகளுக்கு அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

அந்த விளையாட்டில் மணல்மேடு ஏறும் கட்டம் ஒன்று உண்டு. ஹுமைத் மேலே போவான், பாதியில் வேகம் குறையும், உடனே ஸ்டியரிங்கைத் திருப்பி அரைவட்டம் அடித்துச் சறுக்கிக் கீழே வந்து மறுபடி ஏறுவான். பார்க்க அழகாக இருக்கும். கல்ஃபான் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்ப்பான். நான் தோளை அமுக்கிப் பிடிப்பேன்.

"திருப்பாதே! அங்க திருப்பினா நீ பொணம்! நேரா வை! வந்த தடத்துலயே பின்னால எறங்கு!"

"எறங்கிட்டேனே" என்பான் ஹுமைத். "உயிரோட."

ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. பத்து வாரம். "திருப்பாதே, நீ பொணம்" என்று அடுத்த வீட்டுக் கிளிகூடச் சொல்லியிருக்கும்.

பத்தாவது வாரத்தில் தெருக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். அல்வாவும் காவாவும் ஆனபிறகு விஷயத்துக்கு வந்தார்கள். வரும் வெள்ளிக்கிழமை போட்டி. ஜீப் வேண்டும். யார் ஓட்டுவது?

கல்ஃபான் இதற்குப் பதில் வைத்திருந்தான். "இந்த வருஷம் நம்ம தெரு வேணாம். ஒரு வருஷம் போனா ஒண்ணும் ஆயிடாது."

அப்போது ரய்யா அடுக்களை வாசல் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "வண்டி வெளி ஆள் கைக்குப் போக வேணாம்னு நெனச்சா, என் அண்ணன் ஓட்டட்டும்."

நான்கு பேரும் சிரித்தார்கள். ஹுமைத்தும் சிரித்தான். கல்ஃபான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். ஆனால் அவர்களில் ஒருவர், பேரீச்சை வியாபாரி ஸாலிம், டிவியைக் காட்டி, "அதுல நீ எப்படி?" என்று கேட்டுவிட்டார். ரிமோட்டை எடுத்தார்கள். நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஹுமைத்திடம் தோற்றார்கள். நான்கு பேரும் மணலில் பிறந்து வளர்ந்தவர்கள். தோற்கத் தோற்க அவர்கள் முகத்தில் ஒரு மரியாதை ஏறிக்கொண்டே போனதைப் பார்த்தேன்.

"கை நல்லாத்தான் இருக்கு" என்றார் ஸாலிம்.

"அது பொம்மை! கையாம்! அந்த வண்டிக்கு எடையே இல்ல!" என்றான் கல்ஃபான்.

"எடை உன் ஜீப்புல இருக்கே. அதையும் இவன் கையையும் சேர்த்தா சரியாப் போச்சு."

முடிவாகிவிட்டது. சாவியைக் கொடுக்கும்போது கல்ஃபான் அதை விரல்களுக்குள் வைத்து மூடிக்கொண்டான். ஹுமைத் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. விளையாட்டுக்குச் செய்வதுபோல இருந்தது. நான் அவன் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நூற்றுப் பதினெட்டு.

வியாழக்கிழமை ஹுமைத் தனியாக வந்தான். முகத்தில் கிண்டல் இல்லை.

"மாப்ள, நெசமா சொல்லு. நாளைக்கு நான் எதை கவனிக்கணும்?"

"காத்தை பன்னெண்டுக்கு இறக்கு. மீட்டர் வச்சுப் பாரு, கண்ணால பார்த்துட்டு போகாதே. ரெண்டாவது கியர். ஆரம்பத்துலயே மிதி, நடுவுல மிதிக்காதே."

"அப்புறம்?"

கல்ஃபான் கூரையைப் பார்த்தான். "அவ்ளோதான்."

ஹுமைத் போனதும் நான் காலுக்குப் பயிற்சி கொடுக்க உட்கார்ந்தேன்.

"திருப்பக் கூடாதுன்னு சொல்லலியே" என்றேன்.

"பத்து வாரமா கத்துனேன் சிஸ்டர். காது இருந்தா கேட்டிருப்பான்."

"விளையாட்டுல சொன்னது வேற. அவன் விரலு பத்து வாரமா திருப்பியே பழகியிருக்கு."

அவன் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டான்.

"கல்ஃபான், இன்னொரு கழுத்துப் பட்டை மாட்ட எனக்கு நேரமில்ல. போன் பண்ணு."

போனை எடுத்தான். அழைத்தான். மறுமுனையில் ஹுமைத் "என்ன மாப்ள?" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. கல்ஃபான் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு, "டேங்க்கை முழுசா ரொப்பாதே. பாரம்" என்று சொல்லிவிட்டுத் துண்டித்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் அவனைத் திட்டவில்லை. வெளியே வந்து வாசலில் நின்றே ஹுமைத்துக்கு நான் போன் செய்தேன். அவன் எடுக்கவில்லை. மூன்று முறை முயன்றேன். ரய்யாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவள், "சொல்றேன் சிஸ்டர், அவனுக்குத் தெரியாததா?" என்றாள். சொன்னாளோ இல்லையோ.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு சக்கர நாற்காலியை வேனில் ஏற்றிக் கொண்டுபோனோம். மணலில் நாற்காலி புதையாமல் இருக்க ஒரு பழைய கதவைக் கீழே போட்டார்கள். காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தேன். மேட்டின் இரண்டு பக்கமும் சனம். சிறுவர்கள் கூரைமேல் உட்கார்ந்த வண்டிகள், புகை, சுட்ட இறைச்சி வாசனை.

முதலில் போன மூன்று வண்டிகளில் ஒன்றுதான் தாண்டியது. கல்ஃபான் ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு சொன்னான். "இவன் மிதிச்சது லேட்டு. இவனுக்கு காத்து அதிகம்." பிறகு வெள்ளை ஜீப் வந்து நின்றது. ஓட்டுகிற இடத்தில் ஹுமைத்தின் தலை ஸ்டியரிங்குக்கு மேல் பாதிதான் தெரிந்தது. சீட்டை முன்னால் இழுத்துவிட்டிருந்தான்.

"என் சீட்டை அசைச்சிருக்கான்" என்றான் கல்ஃபான் பல்லைக் கடித்துக்கொண்டு. "பதினாலு வருஷமா ஒரே எடத்துல நின்ன சீட்டு."

ஜீப் கிளம்பியது. நன்றாகத்தான் கிளம்பியது. மணல் இரண்டு பக்கமும் விசிறியடித்தது. பாதி, முக்கால். அங்கே மூச்சு வாங்க ஆரம்பித்தது. உச்சிக்கு ஆறேழு மீட்டர் கீழே நின்றேவிட்டது. மூக்கு வானத்தைப் பார்த்தபடி. முன் சக்கரங்கள் இரண்டும் மெல்ல இடப்பக்கம் திரும்பின.

அந்த உயரத்திலிருந்து சரிந்தால் எத்தனை உருட்டு என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். ஓடவேண்டி வரும்.

"நேரா வை!" கல்ஃபானின் குரல். "ஹுமைத்! நேரா வைடா! திருப்பாதே!"

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்துவிட்டான். உடைந்த கால் தரையில் பட்டது. நான் இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தேன், மறுபடி எழுந்தான். அவன் குரல் பக்கத்து வண்டிவரைகூடப் போயிருக்காது. மேலே ஜீப்பின் இன்ஜின் அலறிக்கொண்டிருந்தது.

சக்கரங்கள் நேரானதைப் பார்த்தேன். ஜீப் ஏறிய தடத்திலேயே, தண்டவாளத்தில் இறங்குவதுபோல, பின்னால் இறங்கி அடிவாரத்தில் வந்து நின்றது. ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம் பின்னால் போய், மறுபடி பாய்ந்தது. இந்த முறை முக்காலில் நிற்கவில்லை. உச்சியில் ஒரு கணம் வண்டியின் அடிப்பாகம் தட்டி, அந்தப் பக்கம் மறைந்தது.

கூட்டம் கத்திய கத்தலில் எனக்குக் காது அடைத்தது. ஸாலிம் தலைப்பாகையைக் கழற்றிச் சுழற்றினார். கல்ஃபான் மட்டும் உட்கார்ந்திருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. காலைத் தொட்டுப் பார்த்தேன், புதிதாக எதுவும் அசையவில்லை.

"அவன் கவுந்துடக் கூடாதுன்னுதான் நெனச்சேன் சிஸ்டர்" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. "சிக்கணும்னு நெனச்சேன். கயிறு கட்டி இழுக்கற மாதிரி. பன்னெண்டாவது தடவை."

"தெரியும்" என்றேன். "காலைத் தொங்கவிடாதே, தூக்கி வை."

ஹுமைத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இறக்கிவிட்டதும் அவன் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். தண்ணீர் கொடுத்தேன், வாய் கொப்பளித்துவிட்டுக் கல்ஃபானின் நாற்காலிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான்.

"திருப்பத்தான் போனேன், மாப்ள. கை தானா போச்சு. அப்ப உன் சத்தம் கேட்டுச்சு."

"இங்கேருந்து கத்துனது அங்க கேட்டுச்சா?"

"இன்னைக்கு சத்தம் இல்ல. தினம் கட்டில்லேர்ந்து போடுவியே, அது. 'நீ பொணம்'னு. காதுக்குள்ள அப்படியே கேட்டுச்சு. பயந்து போய் கைய நேராக்கிட்டேன்."

ஸாலிம் கல்ஃபானின் முதுகில் தட்டினார். "பார்த்தியா, ஏத்துனது நீதான்!"

அது ஆறுதலாகத்தான் சொல்லப்பட்டது. கல்ஃபானின் முகம் அதைக் கேட்டு இன்னும் கறுத்தது. தன் அறிவு, தன் வண்டி, தன் கத்தல். ஏறினவன் மட்டும் வேறு ஆள்.

"அடுத்த மாசம் இப்ரா ஊர்ல போட்டி இருக்கு" என்றார் இன்னொருவர். "ஹுமைத்தையே அனுப்பிடுவோம்."

எல்லோரும் ஹுமைத்தைப் பார்த்தார்கள். அவன் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கல்ஃபானின் மடியில் போட்டான்.

"எனக்கு வேணாம்ப்பா. ஆளை விடுங்க. பள்ளிக்கூடத்துல பரீட்சை வேலை இருக்கு. கவுந்தா அமுக்கறதுக்கு அதுல ஒரு பொத்தான்கூட இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். கல்ஃபான் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் ஒரே பேச்சு. "வேணாமாம் சிஸ்டர். கேட்டீங்களா? வேணாமாம்! ரெண்டு வருஷமா நான் தாண்டாத உச்சி. தாண்டிட்டு வந்து வேணாங்கறான். அல்வாத் துண்டைத் தள்ளி வைக்கிற மாதிரி." தோற்றிருந்தால் அவனால் பொறுத்திருக்க முடியும். ஜெயித்துப் பெருமையடித்திருந்தாலும் சண்டை போட்டிருக்கலாம். இதற்கு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எனக்கு எத்தன வாரம்?" என்றான், வீட்டு வாசலில்.

"கால் ஊன இன்னும் ரெண்டு வாரம். இன்னைக்கு ஊனினதால எக்ஸ்ரே பார்த்துட்டுச் சொல்றேன். பிரேக் மிதிக்க மூணு மாசம்."

"இப்ரா போட்டி?"

"படுத்துக்கிட்டே கேட்டுக்கோ."

மறுநாள் அஸருக்குப் பிறகு ஹுமைத் வழக்கம்போல வந்தான். தொப்பியை முழங்காலில் மாட்டினான். ரிமோட்டை நீட்டினான். கல்ஃபான் வாங்கவில்லை.

"முதல்ல சொல்லு. ஆரம்பத்துலேர்ந்து. ரெண்டாவது தடவை ஏறும்போது இன்ஜின் எப்படிக் கேட்டுச்சு?"

"சத்தமா இருந்துச்சு."

"சத்தமான்னா? கனமாவா? இழுத்த மாதிரியா?"

"சத்தமா, மாப்ள. இன்ஜின் மாதிரி."

"மணல் எப்படி இருந்துச்சு? சீட்டுல தெரியுமே. மேல போகப் போக மாவு மாதிரி ஆகும், பின்பக்கம் லேசா நழுவும்..."

ஹுமைத் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "மணல் மாதிரிதான் இருந்துச்சு."

"சரி, உச்சி! மூக்கு கீழ விழும்போது ஒரு நொடி எடையே இருக்காதே. அந்தப் பக்கம் முழுப் பாலையும் ஒரேயடியா தெரியும். அது?"

"அதுவா..." ஹுமைத் கழுத்தைச் சொறிந்தான். "கண்ணை மூடிக்கிட்டேன்."

கல்ஃபான் தலையணையை எடுத்து அவன்மேல் எறிந்தான். பிறகு இன்னொன்று. "கண்ணை மூடிக்கிட்டாடா ஏறினே? என் வண்டில? கண்ணை மூடிக்கிட்டா!" ரய்யா அடுக்களையிலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டு, ஒன்றும் உடையவில்லை என்று திரும்பிப் போனாள். நான் தலையணைகளை எடுத்துத் தட்டி, இருந்த இடத்தில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கல்ஃபான் கையை நீட்டினான். ஹுமைத் ரிமோட்டைக் கொடுத்தான். பந்தயம் தொடங்கியது. நான் காலைத் தூக்கி மடக்க ஆரம்பித்தேன். பத்து ஆனதும் இறக்கப் போனேன். "இன்னும் மடக்குங்க" என்றான்.

இருபது ஆனது. வலித்திருக்கும், ஆனால் இன்று அவன் கத்தவில்லை. டயரைப் பற்றியும் சொல்லவில்லை, சத்தத்தைப் பற்றியும் சொல்லவில்லை. திரையில் அவன் வண்டி எப்போதோ பள்ளத்தில் விழுந்து கிடந்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. தரையில் நீட்டிக்கிடந்த, நேற்று ஜீப்பை மிதித்து ஏற்றிய ஹுமைத்தின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். குட்டையான, பருத்த, ஒரு கீறல்கூட இல்லாத கால்.